வெள்ளைக் காக்கை செல்லுமா?

எங்கள் அடுக்ககத்தில் யாருக்கு எந்தக் காகிதம் சிக்கிக்கொண்டாலும் என்னிடம்தான் வருவார்கள். பட்டா மாற்றம், மின் இணைப்பில் பெயர் மாற்றம், வாரிசுச் சான்றிதழ், ஓய்வூதியர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கான சான்று. எதற்கு எந்தப் படிவம், எந்த மேசை, அந்த மேசைக்காரர் எத்தனை மணிக்கு டீ குடிக்க எழுந்து போவார் என்பது வரை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு காக்கை செல்லுமா செல்லாதா என்று கேட்டு ஒருவர் வந்தது, நான் ஓய்வுபெற்று எட்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

வந்தவர் மூன்றாம் மாடிக்காரர். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பாதி நாள் ரயிலேறிப் போவார், மீதி நாள் வீட்டிலேயே காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன வருஷம் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் அவருடைய அப்பா அறை வாசலில் வந்து நின்று, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குப்பா" என்றிருக்கிறார். திரையில் ஆறேழு முகங்கள். இவர் திரும்பாமலே ஒரு விரலைக் காட்டியிருக்கிறார், ஒரு நிமிஷம் என்று. அந்த நிமிஷம் முக்கால் மணி நேரம் நீண்டது. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பெரியவர் போய்விட்டார். முன்பே கொண்டுவந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது இவருடைய கட்சி.

அதன் பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் மொட்டைமாடியில் இலை விரித்துச் சோறு வைத்து "கா, கா" என்று கூப்பிட்டார். பதினோரு அமாவாசை. ஒரு காக்கைகூடத் தொடவில்லை. காக்கை தொடவில்லை என்றால் போனவருக்கு மனத்தாங்கல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு பிரியாணிக் கடைகள் இருக்கின்றன. வட்டாரத்துக் காக்கைகள் அத்தனையும் காலையிலேயே அங்கே பந்தி முடித்துவிடும். எலும்பும் கொழுப்பும் கண்ட வாய்க்குப் பருப்புச் சோறு எம்மாத்திரம்? ஆனால் இதை அவரிடம் நான் சொல்லவில்லை. கேட்காத மனுவுக்குப் பதில் எழுதும் வழக்கம் எனக்கில்லை.

வைகாசி அமாவாசையன்று, பன்னிரண்டு மணி வாக்கில், அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது, கூடவே பயமும் இருந்தது. கைப்பேசியை நீட்டினார். படத்தில் இலை, சோறு, சோற்றின் விளிம்பில் ஒரு காக்கை. காக்கை வெள்ளையாக இருந்தது.

"தின்னுச்சு சார். நாலு கொத்துக் கொத்துச்சு. குடும்ப குரூப்புல படத்தைப் போட்டேன். பெரியப்பா உடனே போனைப் போட்டுட்டாவ."

"என்ன சொன்னார்?"

"'ஏல, காக்கான்னா கறுப்பு. இது என்ன எளவோ, கொக்குக்கும் காக்காவுக்கும் பொறந்தது. இது தின்னா உங்கப்பன் தின்ன மாதிரியால?'ன்னு கேக்காவ." கைப்பேசியை மறுபடி என் பக்கம் திருப்பினார். "உங்களுக்கு எல்லா ரூல்ஸும் தெரியும். இது செல்லுமா சார்?"

இங்கே என் பழைய வேலையைச் சொல்ல வேண்டும். சீருடைத் துணி வாங்கும் ஓர் அரசு அலுவலகத்தில் நான் நிறம் பார்ப்பவன். அலமாரியில் முத்திரை வைத்துப் பூட்டிய மாதிரித் துண்டு ஒன்று இருக்கும். வந்திறங்கும் துணியின் நிறம் அதோடு ஒட்டுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒட்டாவிட்டால் தள்ளுபடி. முப்பத்துநான்கு வருஷம் இதுதான். வேதியியலில் முதுகலை படித்தவனை இதற்கு ஏன் வைத்தார்கள் என்றால், 'ஒட்டவில்லை' என்பதை ஆறு வாக்கியத்தில் எழுத ஆள் தேவைப்பட்டது.

நான் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாதிரியோட ஒட்டலைன்னா தள்ளுபடிதான் தம்பி" என்றேன்.

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்குள் அவர், "அப்ப தள்ளுபடியா சார்? சரி சார்" என்று கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். லிஃப்ட் வந்து கதவு திறந்து நின்றது. அதை அவர் பார்க்கவில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா? நாக்குல ரப்பர் ஸ்டாம்ப் வெச்சுக்கிட்டே பொறந்தீங்களா நீங்க?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நீங்க விளையாட்டுக்குச் சொன்னது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் ஆர்டர் வாங்கிட்டுப் போறான்."

மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடிக்கு ஏறினேன். எங்கள் காவலாளி அங்கே தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடமெல்லாம் நெல் விளைந்த காலத்திலிருந்தே இங்கே குடியிருக்கும் குடும்பம். என் வயதுதான் இருக்கும்.

"இன்னா சார், நீயும் வெள்ளைக் காக்கா பாக்க வந்துகினியா? மொதல்ல நான்தான் பாத்தேன். ஊட்ல போய்ச் சொன்னா, காலங்காத்தாலயே ஏத்திக்கினியான்னு கேக்குறா எம்பொண்டாட்டி."

வெள்ளைக் காக்கை பறக்கிறது என்று சொல்பவனை உலகம் எப்படிப் பார்க்கும் என்பது தெரிந்ததுதானே. நான் அவரை நம்பினேன். தொட்டியின் மறுபக்கக் கைப்பிடிச் சுவரில் அது உட்கார்ந்திருந்தது.

பால் வெள்ளை அல்ல. பல வருஷம் துவைத்த வேட்டியின் வெள்ளை. கழுத்தில், மற்றக் காக்கைகளுக்குச் சாம்பல் நிறம் இருக்கும் இடத்தில், டீ சிந்தித் துடைத்த மாதிரி ஒரு லேசான பழுப்பு. அலகு வெளிறியிருந்தது. ஆனால் கண் கறுப்பு. சுத்தமான, மினுங்கும் கறுப்பு. அந்தக் கண்தான் என்னை நிறுத்தியது. அப்படியென்றால் இந்த உடம்புக்குக் கறுப்பு செய்யத் தெரியும். சரக்கு கிடங்கில் இருக்கிறது. இறகுக்கு வழங்க வேண்டிய உத்தரவுதான் வழியில் எங்கேயோ தொலைந்துவிட்டது. இந்த மாதிரிக் கோளாறுகளை நான் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பறவையின் தோலுக்குள் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கைந்து காக்கைகள் அதை விரட்டிக்கொண்டு போயின. அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு வெள்ளை இறகு, பாதி முறிந்தது, கிடந்தது. துரத்தியவற்றில் ஒன்று போட்டுவிட்டுப் போன கறுப்பிறகு ஒன்றும் கிடைத்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். முப்பத்துநான்கு வருஷப் பழக்கம். கையில் இரண்டு மாதிரி இருந்தால் சோதிக்காமல் விட முடியாது.

நிறத்தை வடக்குப் பக்க வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் வடக்கு ஜன்னல் குளியலறையில் இருக்கிறது. அங்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கறுப்பிறகை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தேன், சாயம் ஒட்டவில்லை. சோப்பு நீரில் கொதிக்கவைத்தேன்; தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பத்து நாள் கோடை வெயிலில் போட்டேன். ஓர் இழைகூட வெளுக்கவில்லை. என் பணிக்காலத்தில் எந்த ஆலையும் இப்படி ஒரு சாயத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்ததில்லை. அடுத்து பூதக்கண்ணாடியில் இரண்டின் ஓரங்களையும் பார்த்தேன். கறுப்பிறகின் விளிம்பு கத்தி மாதிரி நேராக இருந்தது. வெள்ளையின் விளிம்பு, பழைய துடைப்பம்.

அப்போதுதான் படிக்க ஆரம்பித்தேன். நான் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பூச்சு. துணியை நெய்து முடித்துவிட்டு மேலே ஏற்றுவது. இறகில் அப்படி இல்லை. இறகு வளரும்போதே கறுப்புத் துகள்கள் அதன் இழைக்குள் வைத்துக் கட்டப்படுகின்றன, கான்கிரீட்டுக்குள் கம்பி மாதிரி. அந்தத் துகள்தான் இறகுக்கு உறுதி. அது இல்லாத இறகு காற்றிலும் மண்ணிலும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

இதைப் படித்த மறுநாளே பேருந்து பிடித்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனேன். எத்தனையோ முறை போன இடம்தான். கரையில் நத்தைகுத்தி நாரைகள் நின்றன. உடம்பெல்லாம் வெள்ளை; சிறகை விரித்தால் காற்றை வெட்டும் இறகுகள் மட்டும் கறுப்பு. அதைத்தான் இத்தனை வருஷம் அழகுக்கென்று நினைத்திருந்தேன். எங்கே உழைப்பு அதிகமோ அங்கே கறுப்பு கொண்டுபோய் வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது? யாரும் இல்லை. கறுப்பில்லாதவை சற்றே அதிகம் தேய்ந்து, சற்றே குறைவாகப் பிழைத்து, சற்றே குறைவாகக் குஞ்சு பொரித்து, இப்படியே காலம் காலமாக. கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, மேல்முறையீடு இல்லை. நான் செய்த ஆய்வெல்லாம் ஆய்வா என்று இருந்தது. பக்கத்திலேயே ஒரு கொக்கு, தலையிலிருந்து சிறகு நுனி வரை சுத்த வெள்ளையாக, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த விதிப்புத்தகத்திலும் விலக்குகள் உண்டு போலிருக்கிறது.

கரையோரப் புல்லில் ஒரு மீன்கொத்தியின் நீல இறகு கிடைத்தது. எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். நீலம் போய்விட்டது. அழுக்குப் பழுப்பாக இருந்தது. கீழே இறக்கினேன், நீலம் வந்தது. மறுபடி தூக்கினேன், போயிற்று. அந்த இறகில் நீலச் சாயம் என்ற ஒன்றே கிடையாது. இழைக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அறைகள் இருக்கின்றன. உள்ளே போகும் வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் அவை திருப்பி அனுப்புகின்றன; மற்றதைப் பின்னாலிருக்கும் கறுப்பு வாங்கி வைத்துக்கொள்கிறது. ஏரிக்கரையில், சரக்கு லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் சாலையில், அறுபத்தாறு வயது ஆள் ஒருவன் ஓர் இறகைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் படித்தேன். கல்லாய்ப்போன இறகுகள் கிடைத்திருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையவை. அவற்றுக்குள் அந்தக் கறுப்புத் துகள்கள் உருக்குலையாமல் இருக்கின்றன. துகளின் வடிவத்தையும் அடுக்கையும் பார்த்து, அந்தப் பிராணி என்ன நிறம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் ஒன்று, நான்கு சிறகுள்ள சின்ன டைனோசர் ஒன்று, நம் காக்கையைப் போலவே வெயிலில் நீலமாய் மினுங்கும் கறுப்பாம். அன்று மாலை எங்கள் வீட்டுப் பால்கனிக்கு எதிரே மின்கம்பத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காக்கை என்று ஒன்று பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால், நெல் இல்லாத, சோறு இல்லாத, வைப்பதற்கு மனிதனும் இல்லாத உலகத்தில், அந்தக் கறுப்பு இருந்திருக்கிறது. முன்னோர் என்று நாம் சொல்வது மூன்று தலைமுறை.

என் மனைவி வந்து, "காபி ஆறிப்போச்சு" என்றாள். நான் காக்கையைக் காட்டினேன். "அது காக்கா" என்றாள். சரிதான் என்றேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் மூன்றாம் மாடிக்குப் போனேன். தள்ளுபடி செய்த ஒன்றைத் திரும்பிப் போய் ஏற்பது என் பணிக்காலத்தில் ஒருமுறைகூட நடந்ததில்லை. அவர் கதவைத் திறந்ததும் நேராகச் சொன்னேன்: "தம்பி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. அது காக்கைதான். நிறம் மட்டும் இறகுக்குப் போய்ச் சேரலை, அவ்வளவுதான். அது தின்னது செல்லும்."

அவர் என்னை உள்ளே அழைத்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். சுவரில் அவர் அப்பாவின் படம். பிறகு சொன்னார்: "ஆறுதலுக்குச் சொல்லுதீய சார். மொதல்ல யோசிக்காம சொன்னீயள்ல, அதுதான் நெசம்."

"அன்னைக்கு யோசிக்காம சொன்னேன், அதான் தப்புங்கிறேன்."

"அப்பாவும் ஒண்ணுஞ் சொல்லல சார், அன்னைக்கு. வாசல்ல நின்னுட்டு, சரிப்பான்னுட்டுப் போயிட்டாவ." என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "வர்ற வாரம் முதல் வருஷத் திதி. அன்னைக்குப் பாப்போம். கறுப்புக் காக்கா வந்து எடுத்தா எடுக்கட்டும். எடுக்கலன்னா, அவுக மனசு அப்படின்னு வெச்சுக்கிட வேண்டியதுதான்."

எல்லா மனுவுக்கும் ஒரு மேல்மனு உண்டு என்று நம்பி வாழ்ந்தவன் நான். லிஃப்டுக்கு நிற்காமல் நானும் படியேறினேன். பிரியாணிக் கடைகளுக்கு அன்று ஒருநாள் விடுமுறை விடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

திதியன்று பதினொன்றரைக்கெல்லாம் மாடியில் இருந்தேன். காவலாளியும் வந்திருந்தார், நான் கேட்காமலே தொட்டிக்கு அந்தப் பக்கம் கிடந்த உடைந்த நாற்காலிகளை அப்புறப்படுத்தியிருந்தார், காக்கைக்கு மிரட்சி இருக்கக் கூடாதென்று. மூன்றாம் மாடிக்காரர் ஈர வேட்டியோடு இலையைக் கொண்டுவந்து வைத்தார். சோறு, பருப்பு, நெய், வடை, ஓரத்தில் கொஞ்சம் பாயசம். காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. கீழே அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கா... கா... கா..." என்றார். காதில் மாட்டிக்கொண்டு ஆறு நாட்டு ஆட்களோடு பேசும் குரல், அதற்கு மேல் எழவில்லை.

"இன்னும் சத்தமா கூவு நைனா, அதுக்குக் கேக்க வேணாம்?" என்றார் காவலாளி. அவரே கை குவித்து ஒரு குரல் கொடுத்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை போயிருக்கும்.

கால் மணி. அரை மணி. வெயில் தலையில் இறங்கியது. இலை ஓரம் வாடிச் சுருண்டது. மூன்றாம் மாடிக்காரர் நிழலுக்கு வர மறுத்துவிட்டார்.

வெள்ளைக் காக்கை வந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் சோற்றுப் பக்கம் வரவில்லை. திடீரென்று உடம்பைத் தாழ்த்திக் குறுகி, சிறகுகளைப் படபடவென்று நடுக்கியது. வாயை அகலத் திறந்தது. வாய்க்குள் செக்கச் சிவப்பு. கரகரவென்று ஒரு கத்தல். உயிர் போகப்போகிறது என்றே நினைத்தேன். இன்றைக்கா, இவர் கண் முன்னாலா?

தென்னை மட்டையிலிருந்து ஒரு கறுப்புக் காக்கை இறங்கியது. பக்கவாட்டில் தத்தித் தத்தி இலைக்கு வந்தது. எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தது. பருப்புச் சோற்றை ஒரு வாய், இரண்டு வாய், தொண்டை புடைக்க அள்ளியது. ஒரே தாவலில் கைப்பிடிச் சுவருக்குப் போய், திறந்திருந்த அந்தச் சிவப்பு வாய்க்குள் தன் அலகை முழுதாக விட்டது.

"அய்ய! குஞ்சு சார் அது!" என்று கத்தினார் காவலாளி. "பெத்தது ஊட்டுது பாரு!"

மூன்று வாரம். பூதக்கண்ணாடி, வடக்கு வெளிச்சம், கொதிக்கும் சோப்புத் தண்ணீர். அது இந்தக் கோடையில் கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு என்பது எனக்குத் தெரியவில்லை. நான் நிறத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவே இல்லை.

மூன்றாம் மாடிக்காரர் இந்தப் பக்கக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கறுப்புக் காக்கை மறுபடி இலைக்கு வந்து அள்ளியது, போய் ஊட்டியது. மூன்றாவது முறை வந்தபோது அவசரமில்லாமல் நின்று, வடையைக் காலால் அழுத்திப் பிய்த்துத் தானே தின்றது.

"குஞ்சுக்குக் குடுத்துட்டுத்தான் தின்னுது, பாத்தியளா சார்" என்றார். செல்லுமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. முகத்தை ஈர வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு படிக்கட்டு வாசலுக்கு ஓடினார். "இலையப் போடும்மா! காக்கா எடுத்துட்டுது! பிள்ளைகளுக்கு மொதல்ல போடு!" என்று நான்கு மாடிக்கும் கேட்கக் கத்தினார். இந்தக் குரல் எங்கே இருந்தது இவ்வளவு நாள் என்று தெரியவில்லை.

கீழே பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. காவலாளி இறங்கிப் போனார். "நீங்களும் சாப்பிட வாங்க சார்" என்று மூன்றாம் மாடிக்காரர் படியிலிருந்தே கூப்பிட்டார். வருகிறேன் என்று கையைக் காட்டினேன்.

கறுப்புக் காக்கை கழுத்தைத் திருப்பியபோது வெயில் அதன் முதுகில் விழுந்தது. ஊதா வந்தது, நீலமாயிற்று, தோள் பக்கம் ஒரு பச்சை ஓடி மறைந்தது. பறவைகளின் கண்ணில் நிறம் பிரிக்கும் ஏற்பாடு நமக்கிருப்பதைவிட ஒரு வகை கூடுதல் என்று படித்திருந்தேன். என் மாதிரித் துண்டுகளையெல்லாம் அதனிடம் காட்டியிருந்தால் எத்தனை தேறியிருக்குமோ. அந்தக் கண்ணால் அது தன் குஞ்சைப் பார்த்தது. அங்கே என்ன வெள்ளை தெரிந்ததோ, வெள்ளை என்றுதான் தெரிந்ததோ, எனக்குத் தெரிய வழியில்லை. குஞ்சு மறுபடி வாயைத் திறந்தது.

கீழேயிருந்து இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். இந்த ஒரு வாய் உள்ளே போகட்டும் என்று நின்றேன்.